ஏரிக்கரையில் எத்தனை மணிநேரம்: ஒன்ராறியோவின் வடக்கில் நான்கு இடங்கள்

ஓகஸ்ட் கடைசி வாரத்தில் எங்கள் எல்லோருக்கும் ஒன்றாக நான்கு நாள் லீவு கிடைத்திருக்கிறது. ஒன்பது பேர். எங்கள் வீட்டில் நாலு பேர், அக்கா வீட்டில் நாலு பேர், இரண்டு வீட்டுக்கும் பொதுவாக அம்மா. அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் மூட்டு தேய்ந்திருக்கிறது. என் கடைக்குட்டிக்கு ஆறு வயது. அக்காவின் மூத்தவனுக்குப் பதினேழு. மலை ஏறவேண்டும், துடுப்புப் போடவேண்டும் என்று துடிக்கிற வயது. ஸ்காபுறோவிலிருந்து வடக்கே, ஏரியும் காடும் உள்ள இடம் ஒன்றுக்குப் போவது என்று முடிவாகிவிட்டது. எந்த இடம் என்பதில்தான் மூன்று கிழமையாகப் பேச்சு.

ரொறன்ரோக்காரருக்கு பேரி நகரைத் தாண்டினாலே வடக்குத்தான். அந்த வடக்குக்குள் ஒரு நாட்டையே வைக்கலாம். நானும் அத்தானும் கடந்த பத்து வருடங்களில் தனித்தனியாகவும் சேர்ந்தும் நான்கு இடங்களைப் பார்த்திருக்கிறோம்: அல்கொன்குவின், கிலார்னி, டெமாகமி, சுப்பீரியர் ஏரியின் கிழக்குக் கரை. நான்கும் அழகு. ஆனால் அழகைப் பார்த்து முடிவெடுத்தால் முடிவு வராது. நான் வேறொரு கணக்குப் போட்டேன். நான்கு நாள், மூன்று இரவு என்றால் விழித்திருக்கும் நேரம் ஏறத்தாழ 55 மணி. அதில் காருக்குள் எவ்வளவு, தண்ணீர்க் கரையில் எவ்வளவு?

நம் ஆட்களின் பயணங்களில் ஒரு பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு தூரம் ஓடினோம், எத்தனை இடத்தில் இறங்கினோம் என்பதையே பெருமையாகச் சொல்வோம். ஏரிநாட்டுக்கு அந்த அளவுகோல் சரிவராது. ஒரே ஏரியின் விடியலையும் மத்தியானத்தையும் இரவையும் பார்த்தால்தான் அந்த ஏரி பிடிபடும். அதனால்தான் இந்த மணிக்கணக்கு.

முதலில் இரண்டு யோசனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோர் வீட்டிலும் அவை வரும். ஒன்று, மஸ்கோகாவில் கொட்டேஜ் வாடகைக்கு எடுப்பது. கட்டில், குளியலறை, சமையலறை எல்லாம் இருக்கும், மூத்தவர்களுக்குச் சுகம். ஆனால் கோடையில் ஒன்பது பேர் தங்கக்கூடிய கொட்டேஜ் ஒரு வாரத்துக்கு ஆயிரக்கணக்கான டொலர் ஆகும். கரை முழுவதும் வீடுகள்தான், காடு பின்னால் தள்ளி நிற்கும். பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு நல்ல இடம். மற்றது மனிற்றூலின் தீவு. நன்னீர் ஏரிக்குள் இருக்கும் தீவுகளில் உலகிலேயே பெரியது. டொபர்மோரியிலிருந்து கப்பல் ஏறினால் இரண்டு மணிநேரத்துக்குள் போய்விடலாம். எனக்கு மிகவும் பிடித்த தீவு, ஆனால் நிறைய இடம் வயலும் மேய்ச்சலும். காடு தேடிப் போகிறவர்களுக்கு அதைச் சொல்லமாட்டேன்.

இனி அந்த நான்கு.

அல்கொன்குவினில் தொடங்குகிறேன். இது ஒன்ராறியோவின் முதல் மாகாணப் பூங்கா, 1893இல் அமைக்கப்பட்டது. பரப்பு 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல். யாழ்ப்பாண மாவட்டம் ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர்தான், அதைப்போல் ஏழு மடங்குக்கும் மேலான காடு. உள்ளே 2,400 ஏரிகள் என்று கணக்கு. ஆனால் கார் ஓடுவது பெரும்பாலும் தெற்கு மூலையை வெட்டிச் செல்லும் 60ஆம் நெடுஞ்சாலையில் மட்டும்தான். அந்த 56 கிலோமீற்றர் வீதியோரத்தில்தான் கூடாரத் தளங்களும் நடைபாதைகளும் நீச்சல் கரைகளும் இருக்கின்றன. மீதிப் பூங்காவுக்குள் போக, துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய வள்ளமான கனூவில் போகவேண்டும், அல்லது நடக்கவேண்டும்.

அந்த ஒற்றை வீதியைச் சிலர் குறையாகச் சொல்வார்கள், சனக்கூட்டம் என்பார்கள். யூலை மாதச் சனிக்கிழமையில் அது உண்மைதான். ஆனால் எங்களைப் போன்ற கலவையான குடும்பத்துக்கு அந்த வீதிதான் பெரிய வசதி. ஒரே இடத்தில் கூடாரம் போட்டுவிட்டு, காலையில் பெரியவன் ஒரு பக்கம் போகலாம், அம்மா வேறு பக்கம் போகலாம், மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் திரும்பிவிடலாம். ஸ்புரூஸ் பொக் பலகைப் பாதை ஒன்றரைக் கிலோமீற்றர். சதுப்பு நிலத்தின் மேல் மரப்பலகை போட்டிருக்கிறார்கள், அம்மா கைத்தடியோடு மெதுவாகப் போய்வருவார். லுக்அவுட் பாதை இரண்டு கிலோமீற்றர்தான், ஆனால் ஏற்றம். உச்சியில் நின்றால் காடு கடல்போல் மடிந்து மடிந்து போவது தெரியும். சென்ரெனியல் றிட்ஜஸ் பாதை பத்துக் கிலோமீற்றர். பதினேழு வயதுக் கால்களுக்கு அது போதும். பழைய ரயில் பாதை ஒன்றைச் சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள். மரவியாபாரி ஜே. ஆர். பூத் 1890களில் போட்ட பாதை அது. ரயில் ஓடின பாதை என்பதால் பெரும்பாலும் சமதரை, சிறுபிள்ளைகள் பயமில்லாமல் ஓடலாம்.

கனூவும் அப்படித்தான். கனூ லேக் கரையிலும் ஒபியொங்கோ ஏரிக்கரையிலும் வாடகைக்கு எடுக்கலாம். துடுப்பும் லைஃப் ஜாக்கெட்டும் சேர்த்தே தருவார்கள். கனூ லேக் என்றால் கனேடியர்களுக்கு ஓவியர் டொம் தொம்சன் நினைவுக்கு வருவார். 1917 யூலையில் அந்த ஏரியில்தான் அவர் இறந்தார். எப்படி இறந்தார் என்று நூறு வருடம் கடந்தும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவருடைய ஓவியங்களைப் பார்த்துவிட்டுப் போனால், காற்றில் சாய்ந்த அந்தப் பைன் மரங்களை உங்கள் கண் தானாகவே தேடும்.

இன்னொரு காரணம் ஓநாய். ஓகஸ்ட் மாத வியாழக்கிழமைகளில், முந்தின இரவு ஓநாய்க் கூட்டம் இருக்கும் இடம் காதால் உறுதியானால், பூங்காக்காரர்கள் சனங்களைக் கார்களோடு வீதியோரத்துக்குக் கூட்டிப்போவார்கள். 1963இலிருந்து நடக்கிறது. நூற்றுக்கணக்கான கார்கள் விளக்கை அணைத்துவிட்டு நிற்கும். பூங்கா ஊழியர் ஒருவர் ஓநாய்போல் ஊளையிடுவார். பதில் வரும், சில நாள் வராது. நாங்கள் போன இரவு வந்தது. முதலில் ஒன்று, அப்புறம் குட்டிகளின் கீச்சுக்குரல்கள். ஆயிரம் பேர் நிற்கிற இடத்தில் ஒரு இருமல் கூடக் கேட்கவில்லை. என் மூத்தவள் என் கையை இறுக்கிப் பிடித்தது இன்றும் நினைவில் இருக்கிறது.

படுக்கும் வசதியும் முக்கியம். மியூ லேக் தளத்தில் யேர்ட் இருக்கிறது. வட்டமான கன்வஸ் வீடு, உள்ளே அடுக்குக் கட்டில்கள், மின்சார ஹீற்றர். சமையல் வெளியில்தான். தரையில் படுத்து எழும்ப முடியாத அம்மாவுக்கு இது இல்லாவிட்டால் பயணமே இல்லை. குளிக்கும் இடமும் பக்கத்தில். ஏதும் அவசரம் என்றால் ஹன்ட்ஸ்வில் ஆஸ்பத்திரிக்கு ஒரு மணிநேரத்துக்குள் போய்விடலாம். வீட்டிலிருந்து மேற்கு வாசலுக்கு ஏறத்தாழ மூன்று மணிநேரம். இடையில் நிற்பது, சாப்பிடுவது எல்லாம் சேர்த்துப் போகவர எட்டு மணி என்று வையுங்கள். 55இல் 47 மணி எங்களுக்கு மிச்சம்.

கிலார்னிக்கு வருவோம். அத்தானின் தெரிவு இது. அழகு மட்டும்தான் கேள்வி என்றால் என்னுடைய தெரிவும் இதுதான்.

400ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போய், சட்பரிக்கு முன்னால் இடப்பக்கம் திரும்பி, 637ஆம் வீதியில் 67 கிலோமீற்றர் போகவேண்டும். அந்த வீதி 1962இல்தான் வந்தது. அதற்கு முன் கிலார்னிக் கிராமத்துக்குக் கோடையில் படகில், குளிர்காலத்தில் பனிக்கட்டி மேல் போனார்கள். வீதி முடிகிற இடத்துக்குக் கிட்ட ஜோர்ஜ் ஏரி. கரையில் இளஞ்சிவப்புக் கருங்கல், தூரத்தில் வெள்ளை மலை. பனி என்றுதான் முதலில் நினைப்பீர்கள். அது குவார்ட்சைற் பாறை, லா குளோஷ் மலைத்தொடர். நடுவில் நீலமும் பச்சையும் கலந்த தண்ணீர். இருபது முப்பது அடி ஆழத்தில் கிடக்கும் கல் தெளிவாகத் தெரியும் ஏரிகள் அங்கே இருக்கின்றன.

அந்தத் தெளிவுக்குப் பின்னால் ஒரு துயரமான கதை இருக்கிறது. சட்பரியின் நிக்கல், செம்பு உருக்காலைகள் கக்கிய கந்தகப் புகை அமில மழையாக இந்த ஏரிகளில் இறங்கியது. சுண்ணாம்புக் கல் உள்ள நிலமாக இருந்தால் அமிலத்தை ஓரளவு முறித்திருக்கும். குவார்ட்சைற்றுக்கு அந்தச் சக்தி இல்லை. 1960களில் ரொறன்ரோ பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இங்குள்ள லம்ஸ்டன் ஏரியில் மீன்கள் இல்லாமல் போவதைக் கவனித்தார்கள். வட அமெரிக்காவில் அமில மழையை மக்கள் பெரிய விஷயமாகப் பேசத் தொடங்கியதில் இந்த ஏரிகளுக்குப் பங்கு உண்டு. மீனும் நுண்ணுயிரும் அற்றுப்போன தண்ணீர் கண்ணாடிபோல் ஆனது. 1972இல் 381 மீற்றர் உயரப் புகைபோக்கி கட்டினார்கள். அது புகையைத் தூரத்துக்கு அனுப்பியது. பிறகு ஆலைகள் கந்தக வெளியேற்றத்தைப் பெருமளவு குறைத்தபோதுதான் ஏரிகள் மெல்ல மீளத் தொடங்கின. அந்தப் புகைபோக்கியின் பாவனை 2020இல் நின்றது. பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனால் இந்தக் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள். ஒரு நிலத்தை நாசமாக்கவும் முடியும், மனம் வைத்தால் மீட்கவும் முடியும் என்பதை அவர்கள் காலடியிலேயே பார்க்கலாம்.

இந்த இடம் மரவெட்டிலிருந்து தப்பியதற்கும் ஓவியர்கள்தான் காரணம். 'குரூப் ஒஃப் செவன்' ஓவியர்களில் ஒருவரான ஏ. வை. ஜாக்சன் 1930களின் தொடக்கத்தில் ட்ரவுட் ஏரிக்கரையை வெட்டவேண்டாம் என்று அரசுக்கு எழுதினார். ஏரி பிழைத்தது. இப்போது அதன் பெயர் ஓ.எஸ்.ஏ. ஏரி, ஒன்ராறியோ ஓவியர் சங்கத்தின் பெயர் அது. பூங்காவாக அறிவிக்கப்பட்டது 1964இல்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் வேண்டாம் என்கிறேன்? கிலார்னி கால் பலமுள்ளவர்களுக்கான இடம். அதன் உச்சமான 'கிராக்' பாதை போகவர ஆறு கிலோமீற்றர். கடைசிப் பகுதியில் இரு பாறைச் சுவர்களுக்கு நடுவே குவிந்து கிடக்கும் கற்களின் மேல் கையூன்றி ஏறவேண்டும். மேலே போனதும் அத்தான் ஐந்து நிமிடம் பேசவே இல்லை, அப்படி ஒரு காட்சி. ஆனால் அம்மா கீழே தனியாக இருப்பார், கடைக்குட்டியைத் தோளில் தூக்கவேண்டும். சிக்கனிஷிங் என்ற மூன்று கிலோமீற்றர்ப் பாதையில் ஜோர்ஜியன் குடாவின் சிவப்புப் பாறைகள்வரை போகலாம், அதுவும் பாறைமேல் நடைதான். மழை பெய்தால் வழுக்கும். ஆஸ்பத்திரி வேண்டுமானால் சட்பரிவரை ஒரு மணிநேரத்துக்கும் மேலான ஓட்டம். பயணம் ஒரு வழிக்கு ஐந்து மணி. நின்று போனால் ஆறு. 43 மணி மிச்சம், அதில் பாதியை அம்மா கதிரையில் உட்கார்ந்து கழிப்பார்.

பெரியவர்கள் மட்டும் போவதானால் நான் மறுபேச்சுப் பேசமாட்டேன். செப்டெம்பர் நடுவில், இரண்டு பேர், ஒரு கனூ, நான்கு நாள். இரவு வானத்துக்காகவே போகலாம். 2018இலிருந்து அது இருள்வானப் பாதுகாப்பிடமாக அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. பால்வீதி ஏரித் தண்ணீரில் தெரிவதை நான் முதன்முதலில் பார்த்தது அங்கேதான்.

டெமாகமி நம் ஆட்கள் அதிகம் போகாத இடம். 11ஆம் நெடுஞ்சாலையில் நோர்த் பே தாண்டி இன்னும் நூறு கிலோமீற்றர். டெமாகமி ஏரிக்கு மையமென்று ஒன்று கிடையாது. நாலு பக்கமும் கைகளை நீட்டிக்கொண்டு கிடக்கும், 1,200க்கு மேல் தீவுகள். ஊருக்குப் பக்கத்தில் வைற் பெயார் காட்டில் ஒருபோதும் வெட்டப்படாத சிவப்புப் பைன், வெள்ளைப் பைன் மரங்கள் நிற்கின்றன. ஒருவர் கட்டிப்பிடித்தால் கை எட்டாது. பாய்மரத்துக்கும் பலகைக்கும் மரம் தேடி வந்தவர்கள் ஒன்ராறியோவின் பெரும்பகுதிப் பைன்களை வெட்டிக்கொண்டு போனபிறகு மிஞ்சிய மரங்கள் அவை. அவற்றின் கீழே நிற்கும்போது, தெற்கில் நாம் காடு என்று பார்ப்பது பெரும்பாலும் வெட்டியபின் மறுபடி வளர்ந்தது என்பது விளங்கும்.

மண்ணின் சொந்தக்காரர்கள் டெமெ-ஔகமா அனிஷ்னாபை மக்கள். ஏரியின் நடுவில் பெயார் தீவில் அவர்கள் சமூகம் இருக்கிறது. ஏரியிலிருந்து ஏரிக்கு வள்ளத்தைத் தோளில் சுமந்து கடக்கும் அவர்களுடைய பழைய வழிகளை நஸ்தவ்கன் என்கிறார்கள். இன்று கனூக்காரர்கள் போகும் பாதைகள் பல அவர்கள் போட்டவைதான். 1980களின் கடைசியில் பழங்காட்டை வெட்ட வீதி போட்டபோது அந்த மக்கள் மறித்தார்கள், சூழலியலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1989இல் அந்த மறியலில் கைதானவர்களில் பொப் ரேயும் ஒருவர். அடுத்த வருடமே அவர் ஒன்ராறியோவின் முதல்வரானார். 2009 யூனில் கொழும்பு விமான நிலையத்தில் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பப்பட்டவர் என்றால் நமக்கு உடனே ஞாபகம் வரும்.

ஆனால் டெமாகமியைப் பார்ப்பது என்றால் துடுப்புப் போடுவது என்றுதான் அர்த்தம். கரையில் பின்லேசன் பொயின்ற் என்ற சிறிய பூங்காவில் கூடாரம் போடலாம், கரிபூ மலையில் உள்ள பழைய தீக்காவல் கோபுரத்தில் ஏறலாம். இரண்டு நாளில் அது முடிந்துவிடும். மிச்சமெல்லாம் தண்ணீருக்குள். மூன்று இரவாவது தீவுகளில் தங்கக்கூடிய, கனூ கவிழ்ந்தால் பதறாத ஆட்களுக்கு இதைவிட நல்ல இடம் ஒன்ராறியோவில் எனக்குத் தெரியாது. கார் இல்லாதவர்களுக்கும் ஒரு நன்மை: ஒன்ராறியோ நோர்த்லாண்ட் பஸ் ரொறன்ரோவிலிருந்து அந்த ஊர்வழியாகப் போகிறது. என் மகள் பல்கலைக்கழகம் போகும் வயதில் சிநேகிதிகளோடு அங்கே போகவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சுப்பீரியர் ஏரியை ஏரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பரப்பு 82,000 சதுர கிலோமீற்றர். இலங்கைத் தீவு முழுவதையும் உள்ளே வைத்தாலும் சுற்றிவரத் தண்ணீர் மிஞ்சும். 17ஆம் நெடுஞ்சாலை கரையோடு போகும்போது, ஒரு வளைவில் மலை, அடுத்த வளைவில் முடிவில்லாத நீலம். அகவா பாறையில் ஒஜிப்வே மக்கள் செங்காவியால் வரைந்த உருவங்கள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கின்றன. கொம்பும் முதுகில் முள்ளும் உள்ள மிஷிபெஷு என்ற நீர்த்தெய்வமும் அங்கே. பார்க்கவேண்டுமானால் ஏரியோரப் பாறை விளிம்பில் நடக்கவேண்டும். அலை இருந்தால் போகக்கூடாது. ஏரி அனுமதித்தால்தான் பார்க்கலாம் என்பது எனக்கு மிகப் பிடித்திருந்தது.

ஆனால் தூரம். வீட்டிலிருந்து அகவா குடாவுக்கு 800 கிலோமீற்றருக்கு மேல். ஒரு முழுநாள் போக, ஒரு முழுநாள் வர. 33 மணிதான் மிச்சம், அதுவும் களைத்த 33 மணி. தண்ணீரும் ஓகஸ்டில்கூடப் பல இடங்களில் உறையவைக்கும். பிள்ளைகள் கால் நனைத்துவிட்டு ஓடிவந்துவிடுவார்கள். ஏழு நாளாவது இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். ஏழு நாள் கிடைத்தால் யோசிக்காமல் போங்கள்.

இடத்தைப் போலவே காலமும் முடிவை மாற்றும். நாங்கள் முதல் தடவை அல்கொன்குவின் போனது யூன் முதல் வாரம். இடம் சுலபமாகக் கிடைத்தது, ஏன் கிடைத்தது என்று அங்கே போனபிறகுதான் தெரிந்தது. கறுப்பு ஈ. மே நடுவிலிருந்து யூன் கடைசிவரை அதன் ராச்சியம். ஓடும் சுத்தமான தண்ணீரில் பெருகும் பூச்சி, பகலில் கடிக்கும். மயிரோரத்திலும் காதுக்குப் பின்னாலும் ஊர்ந்து போய்த் தோலை வெட்டி இரத்தம் குடிக்கும். கடிக்கும்போது தெரியாது, பிறகு வீங்கும். சின்னவளின் காது இரண்டு நாள் சிவந்து தடித்திருந்தது. மத்தியானமே கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு திரும்பினோம். அதன்பிறகு நுளம்பு, யூலை நடுவரை பலமாக இருக்கும். மே, யூனில் ஒரு நன்மையும் உண்டு: குளிர்காலத்தில் வீதிக்குப் போட்ட உப்பு ஓரப் பள்ளங்களில் தேங்கியிருக்கும், அதைக் குடிக்க மூஸ் என்ற பெரிய மான் வரும். மூஸ் பார்க்கவேண்டும் என்பவர்கள் அந்தக் காலத்தில் ஒரு பகல் பயணமாகப் போய்வரலாம். மாலை மங்கியபின் மட்டும் மெதுவாக ஓடுங்கள். அந்தக் கரும்பழுப்பு உடம்பு இருட்டில் தெரியாது, மோதினால் காரின் மேல்பாதிக்குள் வந்து விழும்.

சீனி மேப்பிள் மரங்கள் சிவக்கும் காலம் அல்கொன்குவினில் பெரும்பாலும் செப்டெம்பர் கடைசி வாரமும் ஒக்டோபர் முதல் நாட்களும். நன்றிசொல்லும் நாள் லீவுக்குத்தான் எல்லோரும் புறப்படுவார்கள், அதற்குள் மேப்பிள் இலை பாதி கொட்டியிருக்கும். அந்த வாரங்களில் பகல் அனுமதிச் சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுக்காமல் போனால் வாசலில் திருப்பிவிடுவார்கள். பள்ளிக்கூடம் நடக்கிற காலம் என்பதால் எங்களுக்கு அது சரிவராது. ஓகஸ்ட் கடைசியில் கறுப்பு ஈ இல்லை, நுளம்பு குறைவு, தண்ணீர் இளஞ்சூடு, வியாழன் வந்தால் ஓநாய். இரவு மட்டும் பத்துப் பாகைக்குக் கீழே இறங்கக்கூடும். தடித்த சுவெற்றரும் கம்பளித் தொப்பியும் எல்லோருக்கும் எடுத்துப்போகிறோம்.

எந்த இடத்துக்குப் போனாலும் ஒன்றை மனதில் வையுங்கள். மாகாணப் பூங்காக்களின் நீச்சல் கரைகளில் காவலுக்கு ஆள் இல்லை. நம் தலைமுறையில் நீந்தப் பழகாதவர்கள் நிறையப் பேர். நாலு அடி போனதும் தரை சட்டென்று இறங்கும் ஏரிகள் இவை. லைஃப் ஜாக்கெட்டைக் கனூவுக்குள் போட்டு வைத்தால் சட்டத்துக்குப் போதும், உயிருக்குப் போதாது, கொளுவிக்கொள்ளுங்கள். கரையில் விளையாடும் சின்னப் பிள்ளைகளுக்கும் போட்டுவிடுங்கள். ஒபியொங்கோ, டெமாகமி போன்ற பெரிய ஏரிகளில் மத்தியானத்துக்குப் பிறகு காற்று எழும்பும், அலை கனூவுக்குள் அடிக்கும். காலையில் போய்விட்டு, சாப்பாட்டுக்குக் கரைக்கு வந்துவிடவேண்டும். எங்கள் பயணங்களில் இந்த ஒரு விதிக்கு மட்டும் விதிவிலக்கே கிடையாது.

சாப்பாட்டைப் பற்றியும் இரண்டு வரி. கருங்கரடி உள்ள காடு இது. கருவாடு பொரிப்பதையும் மீன்குழம்பையும் வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். புட்டுமா, சம்பல், பருப்பு, முட்டை, ரொட்டிக்குப் பிசைந்த மா போதும். சமைத்து முடிந்ததும் சட்டி, எண்ணெய்ப் போத்தல், பற்பசை உட்பட எல்லாம் காருக்குள். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட்கூட வேண்டாம். விறகை அங்கேயே வாங்குங்கள். வீட்டிலிருந்து கொண்டுபோகும் விறகோடு மரத்தை அழிக்கும் பூச்சிகளும் போகும்.

ஆக, இந்த ஓகஸ்டுக்கு எங்கள் தெரிவு அல்கொன்குவின், மியூ லேக், புதன் முதல் சனி. அத்தானுக்கு மனம் முழுதாக ஆறவில்லை. ஆனால் போனமுறை விடியற்காலையில் லூன் பறவை கத்தினபோது, அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு தனியாகக் கரைவரை நடந்துபோய் நின்றதை அவரும் பார்த்தவர். வன்னிக் காட்டோரம் வளர்ந்தவர் அம்மா, இரணைமடுக் குளக்கரை நடந்த கால் அது. கனடா வந்த இருபது வருடத்தில் யாருடைய கையும் பிடிக்காமல் அவர் ஒரு காட்டுக்குள் நடந்தது அன்றுதான். கிலார்னிக்கு நானும் அத்தானும் பெரியவனும் செப்டெம்பரில் தனியாகப் போவதாக இருக்கிறோம்.

பதிவு ஐந்து மாதத்துக்கு முன், அதே திகதியில், காலை 7 மணிக்குத் திறக்கும். ஓகஸ்ட் 26 வேண்டுமானால் மார்ச் 26. ஒரு தளத்தில் ஆறு பேர்தான் தங்கலாம், ஆகவே எங்களுக்கு ஒரு யேர்ட்டும் அருகில் ஒரு கூடாரத் தளமும். தளத்துக்கு ஒரு இரவு ஏறத்தாழ 50 டொலர், யேர்ட் அதைவிடக் கூட. யேர்ட் சில நிமிடங்களில் போய்விடும் என்பதால் அக்காவும் நானும் இரண்டு கணினிகளில் உட்காரப்போகிறோம். கிடைக்காவிட்டால் திகதியை ஒரு நாள் தள்ளி அடுத்த காலையும் முயற்சிப்போம். அதுவும் இல்லையென்றால் ஹன்ட்ஸ்விலில் அம்மாவுக்கும் அக்காவுக்கும் ஒரு மோட்டல் அறை, மற்றவர்களுக்குப் பக்கத்திலுள்ள ஏரோஹெட் பூங்காவில் கூடாரம். அங்கிருந்து மேற்கு வாசலுக்கு முக்கால் மணிநேர ஓட்டம்தான்.